காணாத வெளிச்சங்கள்

எங்கள் ஊரில் கண் பரிசோதனையின்போது பார்க்காத வெளிச்சத்தைப் பார்த்ததாகக் காட்டிக்கொண்டால், அந்த வெளிச்சம் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் மினிபஸ் ஓட்டுகிறார். அவருடைய அப்பாவுக்குக் கண் அழுத்த நோய் இருந்ததால், இவருக்கும் ஓரப்பார்வையைச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் வெளிச்சம் மின்னினால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். இவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "எல்லாம் பாஸு" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

சாயங்காலம் அவருடைய சட்டையிலிருந்து கடுகளவு வெளிச்சங்கள் இறங்கி, அவருக்கு இடப்பக்கம் சுவரில் உட்கார்ந்தன.

"எத்தனைக்குப் பொய்யா அமுக்குனீங்க?"

"ஒண்ணுகூட இல்லட்டி. எங்க இருக்கு? காட்டு, பாப்போம்."

காட்டினேன். அவர் திரும்பினார். அவையும் நகர்ந்து மறுபடி இடப்பக்கமே போய் உட்கார்ந்தன. "சந்தேகப் பிராணி" என்று என்னை ஏசிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நான் சந்தேகப் பிராணிதான். அதைவிடப் பயம் அதிகம். இப்படியே விட்டால் மிச்சப் பார்வையும் போய்விடுமே. வெளிச்சங்களைத் தூக்குச்சட்டிக்குள் தட்டி மூடி, மறுநாள் அவரையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பரிசோதனை செய்யும் பிலோமினா மூடியைத் திறந்து பார்த்தாள்.

"டிரைவர்மாரு பூரா இப்படித்தாங்க்கா. லைசென்ஸு போயிருமோன்னு அமுக்கித் தள்ளிருவாங்க" என்றவள், எல்லாவற்றையும் கருவிக்குள் திரும்பக் கொட்டினாள். "அண்ணாச்சி, தெரியலன்னா சும்மா இருங்க. அதுவும் பதில்தான்."

இந்த முறை வெகுநேரம் பொத்தான் சத்தமே கேட்கவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு அழுகை வந்தது.

இடப்பக்கம் போனது போனதுதான், சொட்டு மருந்தை விடாமல் போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், இனி வண்டியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். போன பக்கத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். அதை வீட்டார்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண், வாழைத்தாரோடு ஒருவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என ஒவ்வொருவராக இறங்கினார்கள். சாலையின் இடது ஓரத்தில் நின்று கை காட்டியும் இவர் நிறுத்தாமல் போன ஆட்கள். நீட்டிய கையை யாரும் இன்னும் மடக்கவில்லை.

"வண்டி எப்பம்மா வரும்?" என்று வாழைத்தார்க்காரர் கேட்டார்.

"இனி இவரு ஓட்டமாட்டாருங்க."

"பரவால்ல. இவ்வளவு நாள் நின்னாச்சு, நிக்கோம்."

அதற்குள் இவர் குளித்துவிட்டு வந்தார். துணி காயப்போடும் கொடி என்று நினைத்து, ஈரத்துண்டை வாழைத்தார்க்காரர் நீட்டிய கையில் விரித்துப் போட்டார். நான் உலையில் அரிசியைக் கூட்டிப் போட்டேன்.