ஓரம் கருகிய சீட்டு

எங்கள் சபை கூடுவது ஒரு டிரைவிங் ஸ்கூல் மாடியில். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டிலிருந்து பத்துவரை அந்த அறை எங்களுக்கு. பத்து மணிக்கு வண்டி ஓட்டப் படிக்கிறவர்கள் வந்துவிடுவார்கள். சுவர் முழுக்கச் சாலைக் குறிகள் போட்ட அட்டைகள் தொங்கும். போதகர் எப்போதும் 'நில்' என்ற சிவப்பு அட்டைக்குக் கீழேதான் நிற்பார். பிரசங்கம்தான் நிற்காது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர். பதினாறு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். "பாத்தியா ரேடியோ, இவர் சிக்னலை மதிக்கவே மாட்டேங்கிறாரு" என்று என் காதில் சொல்வார். நான் பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொள்வேன்.

ரேடியோ என்பது நான்தான். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் எனக்கு வேலை. படுக்கை விரிப்புகளைச் சூடு ஆறுவதற்குள் மடித்து அடுக்க வேண்டும். மெஷின் சத்தத்துக்கு மேலே நான் பாடிக்கொண்டே இருப்பேன். எல்லாம் கர்த்தரைப் பற்றிய பாட்டுதான், எனக்கு வேறு பாட்டுத் தெரியாது. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் அது. எப்படியோ வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சபையிலும் பாட்டை எடுத்துக்கொடுக்கிறவள் நான்தான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது அவர் சட்டைப் பொத்தானைப் போடமுடியாமல் நின்றார். "என்னங்க?" என்றேன். பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

பக்கவாதம் என்றார்கள். கால் திரும்பி வந்தது. கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். தலையை ஆட்டுவார், கண்ணால் கேலி பண்ணுவார். வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "முதல் ஆறு மாசத்துல எவ்வளவு வருதோ அதாம்மா முக்கியம். அதுக்கப்புறம் வராதுன்னு சொல்லல. ஆனா கஷ்டம்."

நான் காலண்டரில் ஆறு மாதத்தை எண்ணி ஒரு வட்டம் போட்டேன். பாட்டு தானாகவே நின்றுபோனது. சலவைக் கூடத்தில், "என்ன, ரேடியோ ரிப்பேரா?" என்று கொஞ்ச நாள் கேட்டார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. ஆராதனை முடியும்போது அவரவர் ஜெப விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதி, பெயர் போடாமல், மடித்து அதில் போடுவோம். குலுக்கிவிட்டு ஆளுக்கொரு சீட்டு எடுப்போம். எடுத்தவர் அந்த வாரம் முழுக்க அதற்காக ஜெபிக்க வேண்டும். நம்முடையதே நமக்கு வந்தால் திரும்பப் போட்டுவிடலாம். பெயர் இல்லை என்றுதான் பேச்சு. இருபத்துமூன்று பேர் இருக்கிற சபையில் யார் எழுதியது என்று தெரியாமலா போகும்? 'என் கணவர் பேச வேண்டும்' என்று இருபது வாரம் எழுதினேன்.

இருபதாவது வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடி அக்கா ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர், அதனால் அந்தப் பெயர். "ம்... மறுபடியும் இதுதானா" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். எனக்குக் கேட்டுவிட்டது. கெட்ட மனதோடு சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் விழுந்த அன்று ஆஸ்பத்திரிக்கு எனக்கு முன்னால் வந்து நின்றவரே அந்த அக்காதான். இருந்தாலும் நெஞ்சில் முள் தைத்த மாதிரி ஆகிவிட்டது. எல்லோருக்கும் அலுத்துவிட்டது, ஆண்டவருக்கும் அலுத்திருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு டப்பா வந்தபோது பையில் சலவைக் கூடத்து டோக்கன் சீட்டு ஒன்று இருந்தது. மூட்டையில் கட்டுகிற பச்சைச் சீட்டு, மூலையில் நூல் கோக்க ஒரு ஓட்டை. எழுதுவதற்கு எடுத்தேன். பேனா ஓடவில்லை. சும்மா இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்களே என்று வெறும் சீட்டை நாலாக மடித்துப் போட்டுவிட்டேன். நிமிர்ந்தால் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் நான் ஜெபிக்கவில்லை. கண்ணை மூடினேன், திறந்தேன், அவ்வளவுதான். ஒரு நாள் சாயங்காலம் சமைத்துக்கொண்டிருந்தபோது அவர் இடது கையில் கரண்டியை எடுத்துத் தட்டில் தட்டினார். டக் டக், டக டக் டக். நான் சமைக்கும்போது வழக்கமாகப் பாடுகிற பாட்டின் தாளம். ஒரு தடவை தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

"பசிக்குதா? இதோ ஆச்சுங்க" என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் கேட்டது எனக்குப் புரியாமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, கோணல் மாணலாகப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு, வாசலில் செருப்போடு நின்றார். போனோம்.

பிரசங்கம் முடிந்து, அந்த வாரம் ஆண்டவர் செய்ததை அவரவர் எழுந்து சாட்சியாகச் சொல்கிற நேரம். பைப் அண்ணன் எழுந்தார். குழாய் ரிப்பேர் செய்கிறவர். குடும்பம் ஊரில் இருக்கிறது, இங்கே ஒற்றை ஆள். அவர் ஜெபித்தால் கீழே தெருக் கடைவரை கேட்கும். அன்றைக்கு என்னவோ மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"போன வாரம் எனக்கு வந்த சீட்டுல ஒண்ணுமே எழுதல."

நான் மடியிலிருந்த பையை இழுத்து மூடினேன்.

"திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன். ஒண்ணுமில்ல. எலுமிச்சைச் சாறுல எழுதுனா சூட்டுல காட்டுனாத்தான் எழுத்து தெரியும்னு சின்ன வயசுல கேள்விப்பட்டிருக்கேன். சரி, யாரோ ரகசியமா எழுதியிருக்காங்கபோலன்னு அடுப்புல காட்டுனேன்."

"அடுப்புலயா?" என்றார் போதகர்.

"ஆமாங்கய்யா. லேசாத்தான் காட்டுனேன். அது குப்புனு பத்திக்கிச்சு. ஊதி ஊதி அணைச்சதுல என் மீசையும் கொஞ்சம் போச்சு." சட்டைப் பையிலிருந்து பச்சைச் சீட்டை எடுத்துக் காட்டினார். ஒரு ஓரம் கருகி, நூல் கோக்கிற ஓட்டை பாதிதான் இருந்தது. அவர் மீசையைப் பார்த்தேன். ஒரு பக்கம் உண்மையிலேயே குட்டையாக இருந்தது.

யாரும் சிரிப்பதற்கு முன்னால் என் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. பனியில் நின்ற பஸ்ஸை விடிகாலையில் முதல் தடவை கிளப்புகிற மாதிரி, இழுத்து இழுத்து, தொண்டைக்குள்ளிருந்து. திரும்பினேன். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓட, இடது கையால் என்னைச் சுட்டிக்காட்டி, இவள்தான், இவள்தான் என்கிற மாதிரி. சத்தமாக. ஐந்து மாதத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சத்தம்.

எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். நான் எழுந்தேன்.

"அந்தச் சீட்டு என்னுதுண்ணே."

"ஐயையோ! உங்களுதா தங்கச்சி? கொளுத்திட்டேனே!"

அதற்கு என் வீட்டுக்காரர் இன்னும் சிரித்தார். கண்ணாடி அக்கா அழ ஆரம்பித்துவிட்டார்.

"எழுதுறதுக்கு ஒண்ணும் இல்லாம இல்லண்ணே. எழுதி எழுதி வெக்கமாயிடுச்சு" என்றேன்.

பைப் அண்ணன் சீட்டை உள்ளங்கையில் வைத்து நீவினார். "எழுத்து இருந்திருந்தா நான் காலையில ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை சொல்லிட்டு என் வேலையப் பார்த்திருப்பேன் தங்கச்சி. எழுத்து இல்லாததால விடவே முடியல. ஒருத்தருக்கு வார்த்தையே வரலைன்னா எவ்வளவு பாரம் இருக்கணும்னு நெனச்சேன். சிங்க்குக்கு அடியில மல்லாந்து கெடந்துக்கிட்டு, ஆண்டவரே, இது யாரு, என்னன்னு எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும், அவங்க பக்கத்துலயே இருங்கன்னேன். வாரம் பூரா இதேதான். வேற என்னத்தச் சொல்றது?"

அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நாங்கள் பார்த்ததில்லை.

நான் வாயே திறக்காமல் கிடந்த வாரம் முழுக்க யாரோ ஒரு சமையலறைத் தொட்டிக்கு அடியில் கிடந்து எனக்காகக் கேட்டிருக்கிறார். எனக்கு அது போதும்போல இருந்தது.

போதகர் தொண்டையைச் செருமினார். "ஒரு பாட்டுப் பாடி முடிப்போம். யாராவது எடுத்துக்கொடுங்க" என்றார். 'யாராவது' என்று சொன்னாரே தவிர, என்னைத்தான் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் நாற்காலிக் கைப்பிடியில் தட்டினார். டக் டக், டக டக் டக்.

எடுத்தேன். ஐந்து மாதம் பாடாத தொண்டை, சுருதி எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. இரண்டாவது அடிக்கே ஆண்கள் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். பைப் அண்ணன் மட்டும் விடாமல் கத்திக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து வைத்திருந்தார். வார்த்தை வரவில்லை. பாட்டோடு சேர்ந்து ஒரு மூச்சு போய்க்கொண்டிருந்தது. நான் அவரைப் பார்த்துக்கொண்டே மூன்று சரணமும் பாடினேன்.

பிஸ்கட் டப்பா வந்தது. பையில் துழாவி இன்னொரு பச்சைச் சீட்டை எடுத்தேன். 'என் கணவர் பேச வேண்டும்' என்று எழுதினேன். வழக்கத்தை மீறிக் கீழே என் பெயரையும் எழுதினேன். மடித்துப் போட்டேன்.

குலுக்கினார்கள். ஆளுக்கொன்று எடுத்தார்கள். பச்சைச் சீட்டு கண்ணாடி அக்கா கைக்குப் போனது. பிரித்துப் படித்தார். என்னைப் பார்த்தார். "மறுபடியும் இதுதான்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். பிறகு தன் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, தினமும் காலையில் முதலில் கை படுகிற இடத்தில், சீட்டை வைத்து மூடினார்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. பத்து மணி வகுப்புக்காரர்கள். எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட ஆரம்பித்தோம். என் வீட்டுக்காரர் இடது கையால் ஒன்றை இழுத்துக்கொண்டு, சுவரிலிருந்த 'நில்' அட்டையையும் போதகரையும் எனக்குக் கண்ணால் காட்டினார். போதகர் அதற்குக் கீழே நின்று இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.