பிசினுக்குத் தனி அறை

கட்டட வேலைத்தளத்தில் அவளுக்குக் கிரேன்காரி என்றுதான் பெயர். உச்சியிலிருக்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தபடி, இரும்புக் கம்பிக்கட்டை முட்டையை வைப்பதுபோல் இறக்கிவைப்பாள். கீழே நின்று இறக்கு, நிறுத்து, விடு என்று கையால் சைகை காட்டும் சிக்னல்காரன்தான் அவள் புருஷன். சுமை எங்கே இறங்குகிறது என்று மேலிருப்பவளுக்குத் தெரியாது. அவன் கைதான் அவளுக்குக் கண். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்தே பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாள்.

அப்பேர்ப்பட்டவளை மண்ணைக் கவ்வவைக்க ஒரு ஆள் வந்து பிறந்தது. செல்லப்பெயர் பிசின். நடக்கப் பழகியாகிவிட்டது, ஆனால் அம்மாவின் நைட்டிக் கழுத்தை உடும்புப் பிடியாகப் பிடித்தால்தான் தூக்கம். கட்டிலில் குறுக்கே படுத்து அப்பனை விளிம்புக்கு உதைத்துத் தள்ளும். அவன் கீழே விழுந்தாலும் சத்தம் போடாமல் விழ வேண்டும்.

திங்கள்கிழமை கிரேன்காரி வேலைக்குத் திரும்ப வேண்டும். பிள்ளையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள, இனி காலை ஷிஃப்ட் அவள், பிற்பகல் ஷிஃப்ட் அவன். போன வாரம் ஒருநாள் கிளம்பிப் பார்த்தாள். அவள் எழுந்ததுமே பிசினும் எழுந்து ஊரைக் கூட்டியதில் பாதி வழியில் திரும்பிவிட்டாள். "பாப்பா வளரட்டும்மா, என்ன அவசரம்?" என்று மேலாளர் தேனொழுகப் பேசினார். இன்னொரு தடவை திரும்பினால் கூண்டில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். அந்தக் கூண்டுக்கு ஏற எத்தனை பேருடைய இளிப்பை அவள் தாங்கினாள் என்பது சிக்னல்காரனுக்குத் தெரியும்.

ஆகவே சாமான் அறையை ஒழித்துத் தொட்டில் கட்டில் போட்டார்கள். முதலில் பகல் தூக்கத்தில் பழக்குவதென்று முடிவு. ஞாயிறு மதியம் பால் குடித்துத் தோளில் சாய்ந்து தூங்கிய பிசினோடு அவள் உள்ளே போனாள். யாரும் கேட்காமலே சிக்னல்காரன் எதிரே நின்று கையை நீட்டினான். அவளும் பிள்ளையைப் பார்க்காமல் அவன் கையையே பார்த்தாள். இறக்கு, மெதுவாக, இன்னும் கொஞ்சம். முதுகு மெத்தையைத் தொட்டது. அவன் கை 'விடு' என்றது. விட்டாள்.

பிசின் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"யோவ், இதென்ன கம்பிக்கட்டா? தொட்டதும் விடச் சொல்ற!"

"நீ ஏன் என் கையப் பாத்த? புள்ளையப் பாக்க வேண்டியதுதானே!"

"பழக்க தோஷம்யா" என்றாள். அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு இருவரும் சிரித்தார்கள்.

மறுபடி தூங்கவைத்தாள். இந்த முறை அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. முதுகு படிந்தது, இடுப்பு படிந்தது, கடைசியாகத் தலை. இரண்டு உள்ளங்கையையும் அடியிலேயே வைத்துக்கொண்டு, குனிந்தபடி, கழுத்துப் பிடி தானாகத் தளரும்வரை காத்திருந்தாள். பலத்த காற்றில் கண்ணாடிப் பலகையை இவள் இறக்கியதை அவன் பார்த்திருக்கிறான். இதற்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை.

வெளியே வந்து கதவை ஒருக்களித்துவிட்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பிசின் எழுந்து உட்கார்ந்தது. பக்கத்தில் தடவியது, யாருமில்லை. "ம்மா!" என்று ஆரம்பித்தது.

சிக்னல்காரன் பாய்ந்தான். அவள் முஷ்டியை உயர்த்தினாள். தளத்தில் மூடிய முஷ்டி என்றால் எதுவும் அசையக்கூடாது. அவன் நின்றுவிட்டான்.

"பயந்து அழல. கோவத்துல அழறா" என்றாள் ரகசியமாக. "பயந்தா நானே ஓடிடுவேன்."

அழுகைச் சத்தத்துக்குப் பால் சுரந்து அவள் நைட்டியின் முன்பக்கம் நனைந்துகொண்டிருந்தது. முஷ்டி ஆடவில்லை. பெத்த மனம் பித்து என்பார்கள். அந்தப் பித்தை மடக்கிக் கைக்குள் பிடித்துக்கொண்டு நின்றாள். இவளுக்கு வாக்கப்பட்டோமே என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது.

அழுகை முனகலாயிற்று. முனகல், சுவரோடு நியாயம் கேட்கும் பேச்சாயிற்று. பிறகு பிசின் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டு, தானாகவே படுத்துத் தூங்கிவிட்டது.

"தூங்கிட்டா" என்றான் அவன். "கைய இறக்கு."

முஷ்டி இறங்கவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"இறக்க முடியல. இறக்கினா உள்ள ஓடி அவளத் தூக்கிட்டு வந்துடுவேன்."

அவன் அவளுக்குத் தெரிகிற மாதிரி எதிரே போய் நின்று, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெதுவாக, மிக மெதுவாகச் சைகை காட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அவள் கை இறங்கத் தொடங்கியது.