மூன்றாவது மாடிப் பொய்

மருத்துவமனை லிஃப்ட் முன்னால் வந்ததும் 'நெட்டை' பழைய பழக்கத்தில் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள். வாசலிலிருந்து இங்கே வருவதற்குள் நான்கு முறை முகம் சுளித்தாயிற்று. "வாடி, ஏறிடலாம். எட்டு மாடிதானே," என்றாள், எட்டு மாடி என்னவோ பக்கத்து வீடு மாதிரி. மேலே அவர்களுடைய மூன்றாவது கூட்டாளி 'அவசரம்', வாழ்க்கையில் முதன்முறையாக அவசரப்படாமல், நாற்பது வயதில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள்.

நெட்டையோடு வந்த இவள் லிஃப்ட் கதவையே பார்த்தாள். லிஃப்டில் கால் வைத்து இருபத்து மூன்று வருஷமாகிறது. பதினேழு வயதில் அப்பாவோடு ஏறிய லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. கதவைத் திறக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. அப்பாவின் நெஞ்சு அவ்வளவு நேரம் பொறுக்கவில்லை.

அப்பா போன மறுமாதம் மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்தாள்; வகுப்பு ஆறாவது மாடியில். முதல் நாள் தனியாகப் படியேறி, தாமதமாகப் போய், வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். காரணம் சொல்ல வாய் வரவில்லை. விஷயம் எப்படியோ கூடப் படித்த இவர்கள் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். மறுநாள் படிக்கட்டின் அடியில் இருவர் நின்றார்கள். நெட்டை, உடம்பு இளைக்க வேண்டும் என்றாள், ஈர்க்குச்சி மாதிரி இருந்துகொண்டு. அவசரம், லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை என்றாள். அதையாவது நம்பலாம்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கும். நிற்பதற்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று அவசரம் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். தினம் ஒருத்தி பொய் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சிரிக்கக் கூடாது. வாத்தியார் தலையில் இருப்பது சொந்த முடி, நெட்டையை யாரோ காதலிக்கிறான் என்று என்னென்னமோ அளந்தார்கள். சிரிக்காமல் ஏறிய நாளே கிடையாது.

நான்காவது மாதம், ஒருநாள் இவள் முறை.

"எங்கப்பா சாயங்காலம் என்னைக் கூட்டிட்டுப் போக வர்றாரு," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு பக்கமாகப் படியில் உட்கார்ந்துகொண்டார்கள். அதுவரை தேங்கியிருந்ததையெல்லாம் அன்றுதான் அழுது தீர்த்தாள். முதல் வகுப்பு போயிற்று, இரண்டாவதும் போயிற்று. நெட்டை, இவள் மூக்குச் சிந்தத் தோளில் கிடந்த சால்வையைக் கொடுத்து, "தாராளமா சிந்து, எங்கக்காவோடதுதான்," என்றாள். அந்தப் படியின் குளிர்ச்சிகூட இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு வருஷம், தினமும் ஆறு மாடி, ஒருத்தியும் அலுத்துக்கொண்டதில்லை. நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது.

"என்னடி நின்னுட்ட?" நெட்டை கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் காலை ஊன்றியிருந்தாள். பட்டைக்குக் கீழே கால் வீங்கியிருந்தது.

"இறங்குடி," என்றாள் இவள். பொத்தானை அழுத்தினாள்.

கதவு மூடியது. நெட்டை இவள் விரல்களைக் கோத்துக்கொண்டாள். ஒன்று. இரண்டு. மூன்று எரிந்தபோது மெதுவாகச் சொன்னாள்.

"மூணாவது மாடி வந்துருச்சு. உன் முறைடி."

"எனக்குப் பயமே இல்ல."

நெட்டை சிரிக்கவில்லை. கதவுக்கு மேலே நான்கு எரிந்தது.