காஸா வரை போகிற பின்விறாந்தை

போன கிழமை எங்கள் வீட்டுப் பின்விறாந்தை காஸா வரைக்கும் நீண்டுவிட்டது.

வீடு புதுக்குடியிருப்பில் இருக்கிறது. சண்டை முடிந்த பிறகு வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது. குசினிக்கும் மலசலகூடத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும் சுவர் வைத்த ஒடுங்கிய விறாந்தை ஒன்று. வாளியோடு நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை காலை வாளியோடு போனேன். முடியவில்லை.

முதலில் வீடு கட்டித் தந்த கொந்தராத்துக்காரன் மேல்தான் சந்தேகம் வந்தது. சீமெந்தில் மண்ணைக் கலந்து, ஜன்னலை ஒரு சாண் குறைத்து, கூரையில் ஓட்டை வைத்துத் தந்தவன் அவன். அப்படிப்பட்டவன் ஏன் விறாந்தையைக் கூட்டித் தருகிறான்? இதில் ஏதோ இருக்கிறது. வாளியை வைத்துவிட்டுக் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

நெடுநேரம் நடந்தேன். சுவரில் எங்கள் வீட்டு நீலச் சாயம் முடிந்து வெறும் கல் தொடங்கியது. கடைசியில் கதவில்லாத ஒரு வாசல். வெறுமையான காஸ் சிலிண்டர் ஒன்றின் மேல் ஓர் இளம் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை. அவளுக்குப் பின்னால் வானத்திலிருந்து அரித்த மா மாதிரித் தூசி விழுந்துகொண்டிருந்தது.

"ஆர் நீ?" என்று கேட்டேன்.

"நீங்க ஆர்?"

"இது என்ர மலசலகூடத்துக்குப் போற வழி."

"இது என்ர மாமி வீட்டு வாசல்."

"வீடு எங்க?"

"வாசல்தான் மிச்சம்."

அவள் தன் பாஷையில் பேசினாள். எனக்கு விளங்கியது. நான் தமிழில் பேசினேன். அவளுக்கு விளங்கியது. அது எனக்குப் பிடிக்கவில்லை. விளங்குகிற மாதிரிப் பேசுகிறவர்களை நான் இலேசில் நம்புவதில்லை. அவளும் என் தும்புத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன் பெயர் ஹனாடி என்றாள். பிள்ளையின் பெயர் லமார். நான் தவமலர் என்றேன்.

"மூத்த பிள்ளையின்ர பேர் என்ன?" என்று கேட்டாள்.

"அது உனக்கு என்னத்துக்கு?"

"எங்கட ஊரில தாயை மூத்த பிள்ளையின்ர பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறது."

"நிதர்சன்."

"உம்மு நிதர்சன்," என்றாள் ஹனாடி.

அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கனகாலம். தும்புத்தடியைச் சுவரோடு சாத்தி வைத்தேன். நிதர்சன் எங்கே என்று அவள் கேட்கவில்லை.

"வா, வந்து ஒரு தேத்தண்ணி குடி," என்றேன்.

"அஞ்சு இடத்துக்கு வாங்கோ வாங்கோவெண்டு கூப்பிட்டவை. அஞ்சுக்கும் போனன். அஞ்சும் இப்ப இல்லை. இனி ஒருத்தர் கூப்பிட்டும் வரமாட்டன்."

அவள் நிலையில் நான் இருந்தாலும் வந்திருக்கமாட்டேன். திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த நாள் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். உயரமானவர் சாம்பல் நிறக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மற்றவர் இளையவர், கையில் அளவுநாடா.

"வணக்கம் அம்மா. தங்கள் விறாந்தை குறித்து நாங்கள் ஆழ்ந்த கவலை கொண்டுள்ளோம்."

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

"எங்கள் கவலை அவசரமானது."

கழற்றாமலே உள்ளே வந்தார்கள். காலையில்தான் நிலம் துடைத்திருந்தேன். கவலைப்படுகிற ஆள் சப்பாத்தைக் கழற்றுவான். இவர்கள் வேறு என்னவோ படுகிறார்கள்.

இளையவர் நாடாவை விரித்தார். உயரமானவர் தொண்டையைச் செருமினார். "இந்த விறாந்தை பாதுகாப்பான பாதையாக அறிவிக்கப்படுகிறது."

விறாந்தை ஒரு முழம் நீண்டது. என் கண் முன்னால் என் வாளி தள்ளிப் போனது.

"ஐயா, அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ. அது நீளுது."

"எந்தச் சொல்?"

"இப்ப சொன்னீங்களே, அதுதான்."

"பாதுகாப்பு?"

இன்னொரு முழம். நாடா போதாமல் இளையவரின் கையிலிருந்து பறந்துபோனது.

"எங்கள் சேவைக் காலத்தில் இவ்வளவு நீளமான பாதையைக் கண்டதில்லை," என்றார் உயரமானவர். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். எனக்குக் கோபம் வந்தது. ஹனாடி கைக்குழந்தையோடு நடந்து வர வேண்டிய தூரத்தை இவர் வாயாலே கூட்டிக்கொண்டிருக்கிறார்.

"மறுமுனையில் எத்தனை பேர்?"

"தாயும் பிள்ளையும்."

"அந்தக் குழந்தை பொதுமக்களில் ஒருவரா?"

"பிறந்து நாலு மாசம்."

"தொழில்?"

"பால் குடிக்கிறது."

"எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்?"

"தாயின்ர பக்கம்."

அவர் இளையவரைப் பார்த்தார். இளையவர் கூரையைப் பார்த்தார். "பரிசீலிக்கிறோம்," என்றார்கள் இருவரும்.

நான் அலுமாரியைத் திறந்து சேலைகளை வெளியே எடுத்துப் போட்டேன். தையல் மெஷினைத் துடைத்தேன். எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சண்டை முடிந்த அந்த வருடம் முள்ளிவாய்க்கால் வரைக்கும் ஒவ்வோர் இடமாகப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தார்கள். அறிவித்தவுடன் நாங்கள் பங்கர் வெட்டுவோம். சாக்கு முடிந்த பிறகு சேலைகளைப் பையாகத் தைத்து மண் நிரப்பி அடுக்கினோம். என் கல்யாணக் கூறைச்சேலையும் அப்படித்தான் போனது. இப்போது இருப்பவை பிறகு சேர்த்தவை. அதில் பச்சைச்சேலை தங்கச்சி கனடாவிலிருந்து அனுப்பியது. நல்ல மெது. ஒருநாளும் கட்டவில்லை. அதைத் தைக்காமல் தனியாக எடுத்து வைத்தேன். பிள்ளைக்கு ஏணை கட்ட ஒன்று வேண்டும்.

பிறகு ஹோலின் நடுவில் சீமெந்தை உடைத்துக் கிடங்கு வெட்டத் தொடங்கினேன். கொந்தராத்துக்காரனின் சீமெந்து. மண்வெட்டி பட்டதும் பெயர்ந்தது. முதல் தடவையாக அவனுக்கு நன்றி சொன்னேன்.

"என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார் உயரமானவர்.

"பங்கர் வெட்டுறன்."

"இனி அதற்குத் தேவையில்லையே. நாங்கள்தான் வந்துவிட்டோமே."

"அதாலதான் வெட்டுறன்."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் இளையவருக்குக் கழுத்துக்கு மேல் தலைக்குப் பதிலாக ஒலிபெருக்கி இருந்தது. எனக்கு ஆச்சரியமில்லை. காலையிலேயே அவருடைய வாய் கொஞ்சம் விரிந்துதான் இருந்தது. அவர் விறாந்தை வாசலில் போய் நின்றார்.

"பொதுமக்கள் கவனத்திற்கு. நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். பாதுகாப்பாக இருப்பவர்கள் இருக்கும் இடத்திலேயே பாதுகாப்பாக இருக்கவும். பாதுகாப்பற்றவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் பாதுகாப்பாகச் செல்லவும்."

விறாந்தை மூச்சு விடாமல் நீண்டது. மறுமுனை வாசல் ஊசிக்கண் அளவுக்குப் போய்விட்டது. அந்த ஊசிக்கண்ணுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. எனக்குத் தெரிந்த சத்தம். விழுவதற்கு முதல் வருகிற சத்தம், பிறகு விழுகிற சத்தம். கொஞ்சம் கழித்துத் தூசி வந்து என் சோற்றுப்பானையின் மூடியில் படிந்தது. அதற்குப் பிறகு குழந்தை அழுதது. அழுதது நல்லது.

குசினிக்கு ஓடினேன். எள்ளுருண்டை போட்டு வைத்த ரின்னை எடுத்தேன். நான் பாகைக் கொஞ்சம் முறுக விடுகிறவள். கடித்தால் பல்லோடு ஒட்டிவிடும். ஊரில் அதை என் குறையாகச் சொல்வார்கள்.

ஒலிபெருக்கிக்குள் மூன்றை வைத்து உள்ளங்கையால் அமுக்கினேன். அது "ம்" என்றது. உயரமானவரிடம் ரின்னை நீட்டினேன். மரியாதைக்கு ஒன்றை எடுத்தார். நான் இரண்டு கொடுத்தேன். கடித்தார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர்ந்து நின்றுவிட்டன. கண்ணால் மட்டும் கவலைப்பட்டார்.

விறாந்தையில் இறங்கிக் கூப்பிட்டேன். "ஹனாடி, எழும்பி வா."

கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அவள் குரல் வந்தது. "அங்க எப்பிடி?"

"இவையள் நல்லமெண்டு சொல்லுகினம்."

"நீங்க என்ன சொல்லுறீங்க?"

"நான் அப்பிடிச் சொல்லமாட்டன். கூரை ஒழுகும்."

விறாந்தை ஒரு முழம் சுருங்கியது.

நான் கவனித்தேன். மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். "கிணத்துத் தண்ணி உவர்."

இன்னொரு முழம்.

என் வாயைப் பற்றி ஊரில் பல கதை உண்டு. இவளிடம் ஒரு நல்ல வார்த்தை வராது என்பார்கள். என் வீட்டைப் பற்றியே எனக்கு அவ்வளவு சொல்ல இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மாரியில பாம்பு வரும். பக்கத்து வீட்டு மனிசன் கோள் சொல்லித் திரியிற ஆள். அடுத்த ஒழுங்கையில ஆமிக் காம்ப் இருக்கு, ராவில இஞ்ச லைட் அடிப்பாங்கள். வேலிக்கரைக்குப் போகேலாது, மண்ணுக்குள்ள இன்னும் என்ன கிடக்கெண்டு ஆருக்கும் தெரியாது. ஆர் கேட்டாலும் நீ ஆரெண்டு சொல்லக் கூடாது. காலமை வந்த ரெண்டு பேரும் சப்பாத்தோட நிக்கினம். அவையள் ஆரெண்டு எனக்குத் தெரியாது."

விறாந்தை சுருங்கிச் சுருங்கி வந்தது. ஹனாடியின் முகம் தெரிந்தது. தூசியில் அவளுடைய கண் இமை வெள்ளையாக இருந்தது.

"பங்கர் இருக்கோ?" என்று கேட்டாள்.

"வெட்டிக்கொண்டிருக்கிறன். இடுப்பளவுதான் வந்திருக்கு."

அவள் சிலிண்டரை விட்டு எழும்பினாள். பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

எனக்குப் பின்னால் ஒலிபெருக்கி செருமியது. "பா," என்றது. விறாந்தை நடுங்கியது. ஹனாடி நின்றுவிட்டாள். எள்ளுருண்டை கரைகிறது. என்னிடம் சொல்ல வேறு ஒன்றும் மிச்சமில்லை. வீட்டில் இருந்த குறை எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன்.

அவள் அப்போதுதான் கேட்டாள். "நிதர்சன் எங்க?"

"அவையள் போகச் சொன்ன இடத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போனன்," என்றேன். "வெள்ளைக்கொடி கட்டியிருந்திச்சு. ஆறு வயசு."

விறாந்தை பழையபடி நாலு எட்டாகிவிட்டது. ஹனாடி எனக்கு முன்னால் நின்றாள். அவளுடைய மூச்சு என் கன்னத்தில் பட்டது. அவளுக்குப் பின்னால் என் மலசலகூடமும் வாளியும் இருந்தன. அவள் பிள்ளையை என் கையில் தந்தாள். நான் அழுதேன். பிள்ளை என் சட்டையைச் சப்பிப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் விட்டது.

"செருப்பைக் கழட்டு," என்றேன்.

"மாட்டன்."

"சரி, போட்டுக்கொண்டே வா."

ஹோலில் கூரை மரத்தில் பச்சைச்சேலையை ஏணையாகக் கட்டினேன். லமாரைக் கிடத்தி ஆட்டினோம். நித்திரையாகிவிட்டது. ஹனாடி கிடங்குக்குள் இறங்கி நின்று அளவு பார்த்தாள். நான் தைத்த பைகளைத் தொட்டுப் பார்த்து, மூலையில் இரண்டு தரம் தைக்க வேண்டும், தங்கள் ஊரில் அப்படித்தான் என்றாள். அது எனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் தலையாட்டினேன். தேத்தண்ணி குடித்தோம். இரண்டாவது கோப்பையில் அவள் செருப்பைக் கழற்றிக் காலடியில் வைத்தாள்.

உயரமானவர் குசினி வாசலில் நின்று சுண்டுவிரலால் பல்லை நோண்டிக்கொண்டிருந்தார். கடைசி எள்ளையும் எடுத்தார். அதைக் கைக்குட்டையில் துடைத்தார். இளையவர் தலையைக் கவிழ்த்து உதற, ஒலிபெருக்கிக்குள்ளிருந்து பாகு கொட்டியது.

"நல்ல செய்தி அம்மா," என்றார் உயரமானவர். "மறுமுனையில் இப்போது பொதுமக்கள் எவருக்கும் ஆபத்தில்லை. மேலிடம் தங்களைப் பாராட்டுகிறது. தங்களுக்கு ஒரு கைம்மாறும் செய்ய விரும்புகிறது."

"எங்களுக்கு ஒண்டும் வேண்டாம் ஐயா. நீங்க போயிட்டு வாங்கோ."

"வெட்கப்பட வேண்டாம். இன்று முதல் இந்த வீடு..."

ரின்னை எடுத்து ஆட்டினேன். ஒன்றும் இல்லை. அடியில் கொஞ்சம் எள்ளுத்தூள்தான் கிடந்தது.

"இந்த வீடு பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்படுகிறது," என்றது ஒலிபெருக்கி.

ஹோல் நீளத் தொடங்கியது. முன்கதவு விலகித் தூரத்துக்குப் போனது. கிடங்கு எங்களைவிட்டு நகர்ந்தது. தேத்தண்ணிக் கோப்பை ஒன்று அங்கேயும் மற்றது இங்கேயுமாகப் பிரிந்தன. அதிகாரிகள் இருவரும் கையசைத்தபடி சிறிதாகிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய முகத்தில் திருப்தி இருந்தது.

ஹனாடி செருப்பைப் போட்டாள். நித்திரையில் இருந்த பிள்ளையை ஏணையிலிருந்து தூக்கித் தோளில் சாத்திக்கொண்டாள். ஒரு கையால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, விலகிப் போகிற கிடங்கை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

நான் ஏணையை அவிழ்த்தேன். பச்சைச்சேலையில் பிள்ளையின் சூடு இருந்தது. அதை இரண்டாக மடித்து மெஷினில் வைத்தேன். மூலையில் இரண்டு தரம் தைத்தேன்.