பதினேழாம் எண் துண்டு

எங்கள் தையல் கூடத்தில் பத்து உருப்படி முடிந்ததும் மேலே இருப்பதில் அவரவர் எண் எழுதிய துணித்துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைப்போம். கோணல் தையல் யாருடையது என்று அதை வைத்துத்தான் பிடிப்பார்கள். பதினோரு வருடப் பழக்கம். கை தானாகச் செய்யும்.

சனிக்கிழமை மதியம் முதலாளியம்மா சந்தைக்குப் போனபின், என் கை அதைப் புத்தகத்திலும் செய்துவிட்டது.

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் நாங்கள் ஆறு பெண்கள். பெண்ணை நேசிக்கும் பெண்கள் எழுதுகிற கதைகளை வாங்கி, திருத்தி, நகலெடுத்து, தைத்து, நம்பிக்கையானவர்களிடம் கொடுப்போம். சம்பளம் கிடையாது, சங்கத்துக்குப் பெயரும் கிடையாது. எழுதியவள் பெயர் எங்கும் இருக்கக் கூடாது. அவள் கையெழுத்துகூட மிஞ்சக் கூடாது. வேறொருத்தி பார்த்து எழுதிவிட்டு மூலத்தை அடுப்பில் போடுவாள். இந்த முறை எழுதியவள் கனிஷாய், எனக்கு அடுத்த மெஷின்காரி. அவள் கதையை நான்தான் இரண்டு தடவை பார்த்து எழுதினேன்.

அன்று காலையே என் மெஷின் மக்கர் செய்தது; முதலாளியம்மாவிடம் சொல்லியிருந்தேன். கனிஷாய் மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். அவளுடைய எண் துண்டுகள் பக்கத்திலேயே இருந்தன. பதினேழு.

சாயங்காலம் எல்னுரா வீட்டில் பையைப் பிரித்தோம்.

"இது என்னடி சூரா, புத்தகமா நைட்டியா? நம்பர் போட்டு வச்சிருக்கே!" என்று எல்னுரா சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

எண்ணினோம். நாற்பதுக்கு முப்பத்தொன்பது. எண் துண்டு நான்கு இருக்க வேண்டும், மூன்றுதான் இருந்தது. காணாமல் போனது கூடத்தில்தான் கிடக்க வேண்டும்.

கனிஷாயை விட்டுப் போன புருஷனின் அண்ணன் அல்மாஸ்பெக்தான் எங்கள் கூடத்தில் துணி வெட்டுகிறவன். பைகே, அதாவது அண்ணே, என்றுதான் எல்லோரும் அவனைக் கூப்பிடுவோம். அவளுடைய ஆறு வயது மகளைப் பிடுங்கிக்கொண்டு போக ஒரு காரணம் கிடைக்காதா என்று அந்தக் குடும்பம் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஞாயிறு கூடம் பூட்டு. நான் எதுவும் சாப்பிடவில்லை. திங்கள் காலை முதல் ஆளாகப் போய்விடலாம் என்று ஓடினேன். அல்மாஸ்பெக் எனக்கு முன்னால் வந்திருந்தான். புத்தகம் வெட்டுமேசைமேல் விரிந்து கிடந்தது.

"வா, வா. துணிக்கட்டுக்குள்ள என்ன கிடைச்சுது பாரு. அசிங்கம் புடிச்சவளுங்க கதை. நம்பர் பதினேழாம்! பதினேழு யாரு? எங்க வீட்டு மகராணிதானே?"

எனக்குப் பின்னால் கனிஷாய் உள்ளே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். நேராகப் போய் மெஷினைப் போட்டாள்.

"பைகே, அது என்னோடது" என்றேன். "என் மெஷின் ரிப்பேரு, அதான் அவ மெஷின்ல தச்சேன். முதலாளியம்மாவைக் கேளுங்க."

"தச்சது நீ. சரி. எழுதினது?"

"நான்தான்."

"நீயா? சரக்கு ரசீதுல கையெழுத்துப் போடவே நாக்கைக் கடிப்பியே." புத்தகத்தைத் தூக்கிப் படித்தான். "'என் தலைமுடியிலிருந்த நூல் துணுக்குகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள்.' அப்புறம்? சொல்லுடி, நீதானே எழுதினே!"

"'எடுத்து முடிந்துவிட்டது என்று இருவருமே சொல்லவில்லை.'"

அவன் வரியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். போனை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்தான்.

"ஊர்ல, நாரின்ல உனக்கு ரெண்டு அண்ணனுங்கதானே? நம்பர் இருக்கு எங்கிட்ட."

மூத்தவன் நினைவு வந்தது. தெரிந்தால் என்னை உயிரோடு விடமாட்டான்.

"இந்தப் பேய்க்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தியே கனிஷாய், உனக்கு ஒண்ணும் தெரியாதா?" என்று மேசையைச் சுற்றி வந்தான்.

திரும்பிப் பார்த்தேன். கனிஷாய் குனிந்து மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஊசிக்கு அடியில் துணியே இல்லை. கன்னம் முழுக்க நனைந்திருந்தது.

"அண்ணனுக்குப் போன் போடுங்க பைகே, இப்பவே போடுங்க!" என்று கத்திக்கொண்டு, அவள் முகம் அவனுக்குத் தெரியாதபடி இரண்டு மெஷின்களுக்கும் நடுவில் அவன் வழியை மறித்து நின்றேன். அவன் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். மெஷின் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.