பக்கத்தில் வராத குரல்

அக்காவின் கழுத்தில் இருப்பது கட்டிதான் என்று சொன்ன அன்றே டாக்டர் இன்னொன்றையும் சொல்லிவிட்டார். கட்டியை எடுத்துவிடலாம், உயிருக்குப் பயமில்லை. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டியே போகிறது, குரல் கொஞ்சம் மாறினாலும் மாறலாம். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். தம்பிக்காரனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறவன். "ஒண்ணு ரெண்டு ஃபைல் போனாலும் போகலாம் சார்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் சொல்கிறவன். அந்த மாதிரிப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

அக்கா ஒன்றும் மேடைப் பாடகி இல்லை. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே பாடுவாள், பாத்திரம் விளக்கிக்கொண்டே பாடுவாள். ஆனால் அவளுடைய பாப்பாவுக்கு அந்தக் குரல் இல்லாவிட்டால் தூக்கம் கிடையாது. சரியான வாலு அது. இப்போதுதான் கோவையாகப் பேசப் பழகியிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்மா பக்கத்தில் படுத்துப் பாட வேண்டும், பாடி முடிப்பதற்குள் கண் சொருகிவிடும். அப்பன்காரன் ஒருநாள் பாடிப் பார்த்தான். தூங்கப் போன பிள்ளை எழுந்து உட்கார்ந்துகொண்டது.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னால், அந்தக் குரலைப் பதிவு செய்து வைக்கத் தம்பி அக்காவை இழுத்து வந்து தன் அறையில் மைக் முன்னால் உட்கார வைத்தான். விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்ட இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் என்றால் அவனுக்கு உயிர். கடையில் எவன் சிக்கினாலும் அதைப் பற்றிப் பேசியே அறுப்பான். பாட்டுப் பதிவு செய்வதும் அதில்தான். அதில் மைக் ஒரு கட்டம், பதிவு செய்கிற மென்பொருள் ஒரு கட்டம், ஹெட்ஃபோன் ஒரு கட்டம் என்று திரையில் தெரியும். எதிலிருந்து எதற்குச் சத்தம் போக வேண்டுமோ அதற்கு நாமே கோடு இழுத்துவிட வேண்டும். எவ்வளவு சுதந்திரம் பார் என்று பீற்றிக்கொள்வான்.

அக்கா ஹெட்ஃபோனை மாட்டி இரண்டு வரி பாடிவிட்டு முகத்தைச் சுளித்தாள். தன் குரல் மொட்டையாகக் கேட்கிறது, கூச்சமாக இருக்கிறது, பாட வரவில்லை என்றாள். அது எல்லாருக்கும் உள்ளதுதான். அதற்கு மருந்துதான் ரிவர்ப். வெறும் குரலோடு எதிரொலியைச் சேர்த்து அதைச் சுற்றி ஒரு இடத்தைக் கட்டிக் கொடுக்கிற மென்பொருள் அது. சின்ன அறை வேண்டுமா, மாடிப்படி வேண்டுமா, பெரிய ஹால் வேண்டுமா, கேட்டதைக் கொடுக்கும். அவன் ஒரு பெரிய ஹாலைத் தேர்ந்தெடுத்து ஹெட்ஃபோனுக்கு விட்டான். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. அதன் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. பாப்பாவுக்குப் பாடுகிற தாலாட்டு அத்தனையும் பாடித் தீர்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி போயிற்று. குரலும் போயிற்று. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அந்தக் காற்றுக்குள் எங்கேயோ பேச்சு இருந்தது. போகப் போகப் பார்க்கலாம் என்றார் டாக்டர். திரும்பி வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை.

பாப்பா கழுத்துக் கட்டைப் பார்த்து முதலில் மிரண்டது, பிறகு பழகிவிட்டது. சோறு ஊட்டினால் வாங்கிக்கொண்டது, மடியில் ஏறி விளையாடியது. ஆனால் ஒரு மதியம் அக்கா பக்கத்தில் படுத்து, அந்தக் காற்றுக் குரலிலேயே பாட்டை ஆரம்பித்தாள். பாப்பா தன் குட்டிக் கையால் அவள் வாயைப் பொத்தி, "வேணாம்" என்றது. அன்று சாயங்காலமே தம்பியை வரச் சொன்னாள்.

அவன் பதிவைப் போட்டுக் காட்டினான். கண்ணை மூடிக் கேட்டாள். கேட்டு முடித்து, மூச்சுப் பிடித்துப் பிடித்துச் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கயோ தள்ளி நின்னு பாடுறேன்டா. அவ பக்கத்துல படுத்துக்கிட்டுப் பாடுற மாதிரி பண்ணிக் குடு. அது போதும்."

"ப்பூ, இவ்வளவுதானா? ரிவர்ப்பை மாத்தினா முடிஞ்சுது" என்றான் பெரிய மனிதன்.

ஹாலைக் கழற்றிவிட்டுப் படுக்கையறை அளவுக்குச் சின்ன ரிவர்ப் ஒன்றைத் தேடினான். லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது கொள்ளை கொள்ளையாக. ஒன்று பார்க்க விமானி உட்காருகிற இடம் மாதிரி அத்தனை திருகுகளோடு வந்தது. எதைத் திருகினாலும் அக்கா தண்ணீர்த் தொட்டிக்குள் போய் நின்றாள். இன்னொன்றை நிறுவப் போனால், முதலில் அதை நிறுவு, அதற்கு முன்னால் இதை நிறுவு என்று ஊரையே கூட்டி வரச் சொன்னது; எல்லாவற்றையும் கூட்டி வந்த பிறகு திறக்க மாட்டேன் என்று படுத்துவிட்டது. நிஜமான அறைகளில் பலூன் வெடித்து எடுத்த எதிரொலியை வைத்து வேலை செய்கிற ஒன்று கிடைத்தது. படுக்கையறை, சமையலறை, காருக்குள் என்று எல்லாம் வைத்திருந்தார்கள். நம்பிக்கையோடு போட்டான். அக்கா காருக்குள்ளும் தள்ளியே நின்றாள்.

ரிவர்ப்பே வேண்டாம் என்று எல்லாவற்றையும் அணைத்தும் பார்த்தான். அப்போதும் குரலுக்குப் பின்னால் ஒரு எதிரொலி வால் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. சுவரைத் திட்டினான், பீரோவைத் திட்டினான், மலிவு மைக்கைத் திட்டினான். மண்டை காய்ந்து போய், லினக்ஸில் பாட்டுப் போடுகிறவர்கள் கூடும் இணையக் குழுவில் முறையிட்டான். அங்கே 'பாட்டரி' என்ற பட்டப்பெயரில் ஒருவர் உண்டு. ஆளை யாரும் பார்த்ததில்லை, காது மட்டும் பாம்புக் காது. எந்த மென்பொருள் நல்லது என்று இவன் கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. எதுவும் போடாத பச்சைக் குரலை அனுப்பு என்றார். அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"இது பச்சை இல்ல தம்பி. ஏற்கெனவே ஒரு ஹால்ல போட்டு வேகவெச்சது. கோட்டை நீ எங்க இழுத்தேன்னு போய்ப் பாரு."

அக்கா பாடிய அன்று இழுத்த கோடுகள் அப்படியே சேமிப்பில் இருந்தன. திறந்தான். மைக்கிலிருந்து ரிவர்ப், ரிவர்ப்பிலிருந்து ஹெட்ஃபோன், அதுவரை சரி. பதிவுக்குப் போகிற கோடு மைக்கிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும். ரிவர்ப்பிலிருந்து கிளம்பியிருந்தது. அக்காவுக்குக் கூச்சம் போக வேண்டும் என்று காதுக்குள் விட்ட ஹால், குரலோடு சேர்ந்து அப்படியே பதிவாகிவிட்டது. அவளுடைய வெறும் குரலை அவன் பிடித்து வைக்கவே இல்லை. பாவி, ஒரு கோடு. பார்க்காமல் விட்டுவிட்டானே.

வேகவைத்ததைப் பச்சையாக்குகிறேன் என்று சொல்லிக்கொள்கிற மென்பொருள்களும் உண்டு. அவற்றையும் விட்டுவைக்கவில்லை. ஹாலைச் சுரண்டச் சுரண்டக் குரலும் சேர்ந்தே உரிந்து வந்தது. கடைசியில் தகரத்தைத் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம்தான் மிஞ்சியது. பாட்டரியிடம் திரும்பப் போய்க் கெஞ்சினான். அவரும் முயன்று பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

அக்கா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். போய் நின்றதும் ஒத்திகை எல்லாம் மறந்துவிட்டது. கோட்டை மாற்றி இழுத்துவிட்டேன், இதற்கு மேல் பக்கத்தில் கொண்டுவர முடியாது, என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவள் திட்டியிருக்கலாம். திட்டுவதற்கும் குரல் வேண்டுமே. பாப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு, தூங்கவும் மாட்டாமல் விழிக்கவும் மாட்டாமல் கட்டிலில் சிணுங்கிக்கொண்டிருந்தது. இருக்கிறதைப் போடு என்று சைகை காட்டிவிட்டு, அக்கா போய்ப் பாப்பாவை அணைத்தபடி படுத்துக்கொண்டாள்.

அவன் ஸ்பீக்கரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டான். முதல் வரி வந்ததும் சிணுங்கல் நின்றது. பாப்பாவின் முகமெல்லாம் சிரிப்பு. அதைப் பார்த்து அக்காவும் சிரித்தாள். தப்பித்தோம் என்று தம்பிக்காரன் மூச்சுவிட்டான்.

பாப்பா எழுந்து உட்கார்ந்தது. ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. வாசல் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டது. அப்புறம் அம்மாவின் கையை விலக்கிக் கட்டிலிலிருந்து வழுக்கி இறங்கிக் கூடத்துக்கு ஓடியது. கூடத்தில் யாரும் இல்லை. சமையலறைக்குள் எட்டிப் பார்த்தது. திரும்பி வந்து, அம்மா படுத்திருந்த கட்டிலைத் தாண்டிப் போய் ஜன்னல் திரைக்குப் பின்னால் பார்த்தது. அக்கா எழுந்து உட்கார்ந்து, நான்தான் கண்ணு, நான்தான் என்று சொல்லப் பார்த்தாள். பாட்டுச் சத்தத்தில் அந்தக் காற்று எடுபடவில்லை. அவன் பாட்டை நிறுத்தப் போனான். அக்கா அவன் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

பாப்பா வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"பாடுற அம்மா எங்க மாமா?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பாப்பா மறுபடியும் இழுத்தது. அவன் என்ன செய்வான்? குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அறையாகக் கதவைத் திறந்து தேடப் போனான்.