சாளை எண்ணெய் போட்ட சைக்கிள்

ரோச் சனிக்கிழமை வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். டாக்டர் கொடுத்த மருந்துகளில் அது ஒன்றுதான் அவருக்குக் கசந்தது.

இருபத்தாறு வருடம் கப்பலில் ஆயிலராக இருந்தவர் அவர். ஆயிலர் என்றால், இன்ஜின் அறையில் சுற்றுகிறது, உருளுகிறது, ஆடுகிறது எதுவானாலும் அதற்கு எண்ணெய் விடுகிற வேலை. அடுத்த கப்பல் செவ்வாய்க்கிழமை கொழும்புக்கு வருகிறது. அதில் ஏற மெடிக்கல் சர்ட்டிபிகேட் வேண்டும். புதன்கிழமை போனபோது பிரஷர் நூற்று அறுபத்தெட்டில் நின்றது. நூற்று நாற்பதைத் தாண்டினால் கப்பல் கிடையாது.

"மாத்திரை தாரேன் அங்கிள். சனிக்கிழமை மறுபடி பாப்போம். அதுவரைக்கும் எதையும் கையில எடுக்காம, நிம்மதியா இருங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர் இஃப்ரா. காயல்பட்டினத்துப் பெண், வயது முப்பதுகூட இருக்காது. சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் சர்ட்டிபிகேட் வராவிட்டால் வேறு ஆளை ஏற்றிவிடுவோம் என்று ஏஜெண்ட் போனில் சொன்னார். அதைக் கேட்டதும் பிரஷர் இன்னும் நாலு ஏறியது.

டாக்டர் சொன்னதில் நியாயம் இருந்தது. லீவில் வந்த இரண்டு மாதத்தில் ரோச் கையில் எடுத்த பொருள் எதுவும் பழையபடி இல்லை. அவர் பிரித்து மாட்டிய சீலிங் ஃபேன் காற்றை மேல்நோக்கி ஊதியது; மாடியில் குடியிருந்தவர்கள் இறங்கி வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். மிக்சியில் சட்னி அரைத்தால் கொழும்பு ரேடியோ கேட்டது. சட்னி மட்டும் அரைபடவில்லை.

மிச்சம் இருந்தது பிளாரன்ஸின் பேட்டரி சைக்கிள். பிளாரன்ஸ் அவர் மனைவி. லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிறவள். விடிந்ததிலிருந்து ஏழெட்டு நடை, ஒவ்வொன்றும் வீட்டைத் தாண்டித்தான். மோட்டார் பின்சக்கரத்துக்குள் சத்தமில்லாமல் இருந்தது. ஆனால் செயின் சாதாரணச் செயின். உப்புக்காற்று அதைத் தின்றிருந்தது. கீச்... கீச்... என்று அது கடற்கரை ரோட்டில் திரும்பும்போதே, மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கிற லாஞ்சுகள் பதிலுக்கு ஹாரன் அடிக்கும்.

"அந்தச் சத்தந்தாமுளா என் பிரஷரு" என்றார் ரோச், வியாழக்கிழமை மதியம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு. "ஒரு கீச்சுக்கு ஒரு பாயிண்டு ஏறுது."

"காலையில நாலு தடவ வந்து போனேன். நாலு தடவையும் நீங்க குறட்டையில கெடந்தீய."

"கண்ண மூடிட்டு வேதனப்பட்டுக்கிட்டிருந்தேன்."

"வேதன என்னத்துக்குக் குறட்ட விடுது?" பிளாரன்ஸ் ரசத்தை ஊற்றினாள். "செயினுக்கு எண்ண வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழம நானே போட்டுக்கிடுதேன். சைக்கிள்ல நீங்க கைய வச்சீய, கப்பலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், தருவைகுளத்துல எங்க அண்ணன் வள்ளத்துல மீன்பிடிக்க ஏத்தி விட்டுருவேன்."

அவள் விடிகாலையில் எழுகிறவள். சாப்பிட்டதும் தலை சாய்த்தாள். ரோச் சுவரைப் பார்த்தார். கையைப் பார்த்தார். காலண்டரில் சனிக்கிழமையைப் பார்த்தார். மூன்று முறை முற்றத்துக்குப் போய் மூன்று முறை திரும்பினார். நாலாவது முறை கையில் பழைய டூத் பிரஷ் இருந்தது. அதை யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று அவருக்கே தெரியாது.

வேலையில் குறை சொல்ல முடியாது. முதலில் சுவிட்சை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, அலமாரியில் பத்திரமாக வைத்தார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ஹேண்டில்பாரில் இருக்கிற மீட்டர் நொறுங்கிவிடும் என்பதால், சீட்டில் கயிறு கட்டி முருங்கைக் கொப்பில் பின்சக்கரம் தரை தொடாதபடி தூக்கிவிட்டார். மோட்டார் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், பிரஷை மண்ணெண்ணெயில் முக்கி, பெடலைப் பின்னால் சுற்றிச் சுற்றிச் செயினைத் தேய்த்தார். நூற்றுப் பன்னிரண்டு கண்ணி. ஒவ்வொன்றிலிருந்தும் கறுப்புக் கூழ் வந்தது. அதற்குள் உப்பு இருந்தது, மணல் இருந்தது, இரண்டு வருடத்துக்கு முன் காணாமல்போன பிளாரன்ஸின் தோடும் இருந்தது. இடுப்பில் கட்டிப் பழசான சாரத்தால் துடைத்து வெயிலில் காயவிட்டார். செயின் புது வெள்ளி அரைஞாண் மாதிரி மின்னியது.

அத்தோடு பிளாரன்ஸ் வாங்கிய எண்ணெயைப் போட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

சைக்கிள் கடை சிவப்பிரகாஷ் கொடுத்த பாட்டில் கட்டைவிரல் பருமன் இருந்தது. ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும் என்று அதில் ஒட்டியிருந்தது. ரோச் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எண்ணயா, கண்ணுக்கு விடுத மருந்தா?" என்று சைக்கிளிடம் கேட்டார். கப்பலில் பீப்பாய்க் கணக்கில் எண்ணெய் விட்ட கை அது. அதுவும் விட்ட எண்ணெயைத் துடைக்கச் சொன்னால்? இன்ஜின் அறையில் அப்படிச் செய்தவனைக் கடலில் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

முற்றத்து மூலையில் மைத்துனர் ஆன்டனி விட்டுவிட்டுப் போன தகரக்குவளை இருந்தது. உள்ளே சாளை மீன் எண்ணெய், மர வள்ளத்துக்குப் பூசுகிறது. ரோச் யோசித்தார். இருபது வருடம் உப்புத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற வள்ளத்தை இந்த எண்ணெய் காப்பாற்றுகிறது. வெறும் உப்புக்காற்று இதற்கு எம்மாத்திரம்? கணக்கு சரியாகத்தான் இருந்தது. அரைக் குவளையைச் சாய்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை பிளாரன்ஸ் சைக்கிளை எடுத்தபோது சத்தமே இல்லை. அவள் மூக்கைச் சுளித்தாள், கணவனைப் பார்த்தாள், நேரமாகிவிட்டதால் அப்படியே ஏறிப் போனாள்.

ரோச் வெற்றிப் புன்னகையோடு கட்டிலில் சாய்ந்தார். தூக்கம் வரவில்லை. புரண்டார். எழுந்து வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தார். வந்து படுத்தார். மறுபடி எழுந்தார். ஏதோ ஒன்று நின்றுபோய்விட்டது, அது எதுவென்று பிடிபடவில்லை. இதயமாக இருக்குமோ என்று நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அது ஒருபக்கம் லாரி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க!" பிளாரன்ஸ் முதுகுக்குப் பின்னால் நின்றாள். ரோச் ஒரு முழம் துள்ளினார்.

"எப்பமுளா வந்த? வார சத்தமே காணும்!"

"அதுக்குத்தானே எண்ண போட்டீய?"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கப்பலில் தலைமாட்டில் இன்ஜின் இடித்துக்கொண்டே இருக்கும், எல்லோரும் தூங்குவார்கள். இன்ஜின் நின்ற நொடியில் அத்தனை பேரும் விழித்துக்கொள்வார்கள். சத்தம் நின்றால் ஆபத்து என்று இருபத்தாறு வருடம் பழகிய உடம்பு. இப்போது வீட்டு இன்ஜினை அவரே நிறுத்தி வைத்திருக்கிறார்.

பிளாரன்ஸ் பிரஷர் மெஷினை அவர் கையில் கட்டிப் பார்த்தாள். நூற்று எழுபத்தாறு.

"எண்ணயத் துடைச்சிருதேமுளா" என்றார் ரோச் மெதுவாக.

"தொட்டுப் பாருங்க!" என்றாள் அவள். "வெளிய வந்து பாருங்க நீங்க செஞ்ச வேலைய."

வாசலில் பதினோரு பூனைகள் சைக்கிளைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. மீன் மார்க்கெட்டில் இரண்டு சேர்ந்தனவாம். பனிமய மாதா கோவில் தெருவில் ஐந்து. மிச்சம் போகிற வழியில். "ரத்தம் எடுக்கப் போன வீட்டுல, என்ன சிஸ்டர் பூன விக்கவும் ஆரம்பிச்சுட்டீயளான்னு கேக்காக. வயசான பாட்டா ஒருத்தரு பூனைக்குப் பாலு ஊத்திட்டு, ரத்தம் நாளைக்கு எடுத்துக்கிடலாம்னுட்டாரு!"

சாயங்காலம் அது இருபத்தேழு ஆனது. திரேஸ்புரத்துக் கருவாட்டுக் களத்தில் எலிகள் பகலிலேயே உலாத்துவதாகத் தகவல் வந்தது. காவலுக்கு இருந்த பூனைகளெல்லாம் இங்கே.

அன்றைக்கு ரோச் கண் மூடவில்லை. சனிக்கிழமை காலை சிவந்த கண்ணோடு ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனார். பிளாரன்ஸ் நடைகளை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

பத்தரைக்கு நூற்று எழுபத்திரண்டு. "கொஞ்ச நேரம் உக்காருங்க, மறுபடி பாப்போம்" என்றார் டாக்டர் இஃப்ரா. பதினொன்றேகாலுக்கு நூற்று அறுபத்தாறு. ஏஜெண்டின் போன் பையில் துடித்துக்கொண்டே இருந்தது. ரோச் எழுந்தார், உட்கார்ந்தார், எடை பார்க்கிற மெஷினில் ஏறி இறங்கினார், சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையைக் கீழிருந்து மேலாக வாசித்தார். மணி பதினொன்று நாற்பது.

"இன்னொருக்கா பாக்கேன் அங்கிள். இதான் கடைசி" என்று டாக்டர் பட்டையைச் சுற்றினார்.

அப்போது தூரத்தில், கடற்கரை ரோட்டுத் திருப்பத்தில் கேட்டது.

கீச்... கீச்...

ரோச்சின் தோள் இறங்கியது. கீச் நெருங்க நெருங்க முஷ்டி பிரிந்தது. விடியற்காலையில் முற்றத்தில் பூனைகள் நூற்றுப் பன்னிரண்டு கண்ணியையும் நக்கித் தீர்த்துவிட்டன, நாக்கு ஈரமும் வெயில் ஏறிய பிறகு காய்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரியாது. சிவப்பிரகாஷ் பிறகு செயினைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தம் எந்த மிஷினாலும் வராது என்றான்.

ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் வந்து நின்றது. சத்தமும் நின்றது. மெஷினில் ஓடிய எண் தயங்கி, மறுபடி மேலே போகத் தொடங்கியது.

ரோச் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பிளாரன்ஸ் கணவனின் முகத்தைப் பார்த்தாள், டாக்டரின் கையைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள். லேபில் எட்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு, கீச் நின்றதும் பிரஷர் ஏறுகிறது என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டாண்டைப் போட்டாள். குனிந்து பெடலில் கை வைத்தாள். வைத்த கை அங்கேயே நின்றது.

சுற்றாமல் விட்டால் இந்த மனுஷன் வீட்டில் இருப்பார். ஃபேன் மேலே ஊதும், மிக்சி செய்தி வாசிக்கும், மதியம் சோற்றுக்கு எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும். ரோச்சுக்கு அவள் முகத்தில் அது தெரிந்தது.

பிளாரன்ஸ் அவரைப் பார்த்தபடியே பெடலைப் பின்னால் சுற்றினாள். கீச்... கீச்... கீச்...

"நூத்து முப்பத்தஞ்சு" என்றார் டாக்டர். நம்பாமல் இன்னொரு கையிலும் கட்டினார். நூற்று முப்பத்து நாலு. "மாத்திர இப்பதான் கேக்குது போல" என்று முத்திரையை எடுத்தார். மணி பதினொன்று ஐம்பத்தொன்று.

ரோச் காகிதத்தைப் போட்டோ எடுத்து ஏஜெண்டுக்கு அனுப்பிவிட்டு வெளியே வந்தார். சர்ட்டிபிகேட்டை நாலாக மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"ஏளா, அந்தச் சின்னப் பாட்டிலு இருக்குல்லா. ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு. சாயங்காலம் நானே போட்டுத் துடைச்சிருதேன்."

"ஒண்ணும் வேண்டாம்." பிளாரன்ஸ் ஸ்டாண்டைத் தட்டிவிட்டாள். "செவ்வாக்கிழம வரைக்கும் இப்பிடியே கெடக்கட்டும். நீங்க கப்பல் ஏறுன பொறவு போட்டுக்கிடுதேன்."

கீச்சிட்டுக்கொண்டு அவள் திரும்பினாள். சைக்கிளோடு வந்து வேப்பமர நிழலில் படுத்திருந்த பூனைகளில் ஒன்று மட்டும் எழுந்து, சோம்பல் முறித்து, இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும் என்ற நம்பிக்கையோடு பின்னால் போனது.